சந்தன மரத்தடியில் கொட்டிக்கிடக்கும் கேழ்வரகு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். மூன்று வயதுச் சந்தன மரங்களில் நாலைந்து உச்சி வாடி, காற்றடித்த நாளில் நடுத்தண்டில் ஒடிந்து விழுந்திருக்கின்றன. அடியில் கேழ்வரகு கொட்டியதுபோல் சிறு உருண்டைகள். பூச்சிமருந்துக் கடையில் கொடுத்ததை இரண்டு முறை இலையில் அடித்தும் பயனில்லை. துணைமரமாக நட்ட அகத்தியிலும் துளை தெரிகிறது. இது கரையானா, வண்டா, என்ன மருந்து, அகத்தியை வெட்டி எறிந்துவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

கரையான் இல்லை. வண்டும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில், பிளந்த தண்டுக்குள் கிடக்கும் செம்மை கலந்த ஊதா நிறப் புழு ஓர் அந்துப்பூச்சியின் பிள்ளை. அந்துப்பூச்சி என்றதும் அரிசிப் பானையில் பறக்கும் சின்ன அந்துதான் நினைவுக்கு வரும். மரத்துக்குள் தச்சுவேலை செய்யும் அந்துப்பூச்சிக் குடும்பம் ஒன்று இருக்கிறது. கோசிடே என்பது அதன் அறிவியல் பெயர். உலகெங்கும் ஆயிரத்தை ஒட்டிய இனங்கள். பெரும்பாலானவை உருவில் பெரியவை, தடித்த உடல், வலுத்த சிறகு. புழுப்பருவம் முழுவதும் மரத்தின் உள்ளேயோ வேரின் உள்ளேயோ கழியும். உங்கள் சந்தனத்தில் இருப்பது அந்தக் குடும்பத்தில் நம் பக்கத்தில் மிகவும் பரவலான இனம். காப்பித் தோட்டக்காரர்கள் இதைச் சிவப்புத் துளைப்பான் என்பார்கள். சுசீரா காஃபியே என்பது நெடுநாள் வழங்கிய பெயர். அண்மையில் வகைபிரிப்பாளர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பழைய பெயரில்தான் எல்லாக் கையேட்டிலும் தேடிக் கிடைக்கும்.

மருந்து பற்றிப் பேசும் முன் அந்த உருண்டைகளைப் பற்றிப் பேச வேண்டும். மரத்தைத் துளைக்கும் எந்த உயிரும் தன் எச்சத்தைக் கொண்டே தன்னைக் காட்டிக்கொடுக்கும். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல மரத்துக்கு இந்த எச்சத்தைப் பார்க்க வேண்டும். சிவப்புத் துளைப்பான் சுத்தமான குடித்தனக்காரன். தின்று செரித்த மரத்தைக் கெட்டியான சிறு உருண்டைகளாக, கிட்டத்தட்ட ஆட்டுப் புழுக்கையின் சிறு வடிவமாக, தண்டில் போட்ட ஓட்டை வழியே வெளியே தள்ளிவிடும். அதனால் அவை அடியில் குவிந்து கிடக்கும். ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். புதிதாக இருந்தால் ஈரமாகப் பிசுபிசுக்கும், புழு உள்ளே உயிரோடு வேலை செய்கிறது என்று பொருள். காய்ந்து உதிர்ந்தால், பழைய குவியல். கீழே பெருக்கிவிட்டு மறுநாள் காலை வந்து பாருங்கள். புது உருண்டைகள் விழுந்திருந்தால் மேலே எங்கோ அவன் இருக்கிறான்.

மற்றவர்கள் வேறு மாதிரி. தண்டிலும் கவட்டையிலும் பட்டைத் துணுக்கும் எச்சமும் பட்டு நூலும் சேர்ந்து, அழுக்குத் துணிநாடா ஒட்டியதுபோல் வளைந்து வளைந்து ஓடினால் அது பட்டை தின்னும் புழு. இந்தர்பெலா என்று பெயர். பகலில் ஒரு சிறு பொந்துக்குள் ஒடுங்கிக் கிடந்து, இரவில் அந்த நாடாவின் மறைவில் வெளியே வந்து பட்டையைச் சுரண்டித் தின்னும். கொய்யா, மா, நெல்லி, முருங்கை, சவுக்கு என்று எதையும் விடாது. இதுவும் அந்துப்பூச்சிதான். தச்சு அந்துப்பூச்சிகளுக்கு நெருங்கிய பங்காளி. சிலர் அதே குடும்பத்தில் சேர்ப்பார்கள், சிலர் தனிக்குடும்பமாக வைப்பார்கள். நார்நாராகச் சீவிய சக்கைபோல் எச்சம் வந்தால் நீண்ட மீசை கொண்ட வண்டின் புழு. சந்தனத்தில் வளர்ந்த மரங்களின் உள்மரத்துக்கே போகும் அரிஸ்டோபியா என்ற வண்டு உண்டு, அதைச் சந்தனம் வளர்ப்பவர்கள் இன்னும் அதிகமாக அஞ்ச வேண்டும். மண்ணால் பூசிய குழாய் தெரிந்தால்தான் கரையான்.

காப்பியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரே செடியில் வெள்ளைத் தண்டு துளைப்பானும் வரும், சிவப்புத் துளைப்பானும் வரும். வெள்ளை என்பது வண்டு. அது எச்சத்தை வெளியே தள்ளாமல் தன் சுரங்கத்துக்குள்ளேயே இறுக்கி அடைத்துக்கொண்டு போகும். வெளியில் பட்டையில் மேடு தட்டுவதைத் தவிர எந்தத் தடயமும் இருக்காது. சிவப்போ அடியில் கொட்டிக் காட்டிவிடும். வெள்ளை வந்த செடியை வேரோடு எடுத்தாக வேண்டும். சிவப்பு வந்த செடியில் அந்தக் கிளையை மட்டும் வெட்டினால் பெரும்பாலும் போதும். பெயர் தெரியாமல் அரிவாளை எடுத்தால் இழப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

இனி மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு வருகிறேன். இந்தப் பூச்சியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அதற்குத் தனியாக விடை வேண்டாம்.

தாய்ப்பூச்சி அழகானது. வெண்ணிறச் சிறகில் கருநீலப் புள்ளிகள் தெளித்திருக்கும். அதனால்தான் இதன் உறவினங்களை ஐரோப்பாவில் சிறுத்தை அந்துப்பூச்சி என்கிறார்கள். விரித்த சிறகு 4 முதல் 5 சென்டிமீட்டர். இதற்கு உண்ணும் வாய் கிடையாது. தேன் உறிஞ்சும் குழல் தேய்ந்து போய்விட்டது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு சில நாட்கள் உயிரோடிருக்கும், அவ்வளவே. அந்தச் சில நாளில் பெண் தன் வாசனையைக் காற்றில் விடும், ஆண் தன் சீப்புப்போன்ற உணர்கொம்பால் அதை மோப்பம் பிடித்து வரும். பின் பெண், பட்டை வெடிப்புகளில் நூற்றுக்கணக்கான மஞ்சள் முட்டைகளைச் சரஞ்சரமாகச் செருகிவிட்டு இறந்துபோகும். பத்து நாள் அளவில் முட்டை பொரியும். பிஞ்சுப் புழுக்கள் பட்டு நூல் விட்டுத் தொங்கும். காற்று அந்த நூலோடு அவற்றை அடுத்த மரத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் கொண்டுபோகும். வந்து விழுந்த இடத்தில் இளங்கொப்பில் துளையிட்டு உள்ளே போய்விட்டால், அதன்பின் பல மாதம் அது வெளியுலகைப் பார்க்காது.

அந்தப் பிஞ்சு வெளியே திரியும் காலம் மிகக் குறைவு. இலையில் நீங்கள் அடித்த மருந்து அந்த நேரத்தில் இருந்திருந்தால்தான் அதைத் தொட்டிருக்கும். உருண்டை விழ ஆரம்பித்த பிறகு புழு விரற்கடை ஆழத்தில், ஈரமான மரச்சுவருக்கு நடுவே இருக்கிறது. இலையில் அடிப்பது பூட்டிய வீட்டுக் கூரையில் தண்ணீர் ஊற்றுவது போல. இலையில் இருந்த குளவியும் பொறிவண்டும்தான் செத்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் குளவிகளில் சில இதே புழுவைத் தேடி வருபவை.

மரம் நடுவில் ஒடிவதற்கும் காரணம் இருக்கிறது. புழு தண்டின் நடுவே மேலும் கீழும் சுரங்கம் போடும். போதாதென்று பட்டைக்கு அடியில் குறுக்கே வளையமாகவும் குடையும். வளையம் விழுந்த இடத்தில் நீரோட்டம் அறுந்து மேற்பகுதி வாடும், காற்றடித்தால் அங்கேயே முறியும். முறிந்த தண்டைப் பார்த்தால் கத்தி வைத்து அறுத்ததுபோல் இருக்கும். உங்கள் மூன்று வயது மரத்தில் சந்தன வாசனை இன்னும் பிறக்கவில்லை. வாசனை தங்கும் உள்மரமான வைரம் கட்டத் தொடங்குவதே பத்தாண்டை ஒட்டித்தான். ஆக அவன் தின்பது வாசனையில்லாத வெண்மரம். ஆனால் மரம் மரமாக நிற்கவே விடாமல் செய்துவிடுகிறான்.

மரம் சத்தில்லாத உணவு. மாவுச்சத்தும் புரதமும் அதில் சொற்பம். அதனால் மரம் தின்னும் புழு மெதுவாகத்தான் வளரும். நம் வெப்பத்தில் சிவப்புத் துளைப்பான் முட்டையிலிருந்து பூச்சியாக நாலைந்து மாதம் எடுத்துக்கொள்ளும். குளிர் நாடுகளில் இந்தக் காலம் ஆண்டுக்கணக்கில் நீளும். ஐரோப்பாவில் ஆட்டு அந்துப்பூச்சி என்று ஒன்று இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கே பெயர் கொடுத்தது அதுதான். மரப்புழுவுக்குப் பழைய இலத்தீனில் கோசுஸ் என்று பெயர், 1758இல் லின்னேயசு அதையே இதற்குச் சூட்டினார். அதன் புழு மூன்று நான்கு ஆண்டுகள் ஆற்றுப்பாலை போன்ற மரங்களுக்குள் கிடந்து, 10 சென்டிமீட்டர் வரை வளரும். புழு இருக்கும் மரத்தருகே போனால் கிடா வாடை அடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

இந்த ஆட்டு அந்துப்பூச்சிப் புழுவைப் பற்றி ஒரு செய்தியை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் பியேர் லியோனே என்ற ஒரு வழக்கறிஞர் இருந்தார். அவர் இந்த ஒரே ஒரு புழுவை எடுத்து அறுத்து ஆராய்ந்து, 1760இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். படங்களுக்கான செப்புத் தகடுகளைத் தானே செதுக்கினார். புழுவுக்குள் 4,000க்கும் மேற்பட்ட தசைகளை எண்ணிக் காட்டினார். மனித உடலில் இருப்பவை சுமார் 650. காலடியில் போட்டு நசுக்கும் ஒரு புழுவுக்குள் அத்தனை தசை! கெட்டியான மரத்தை வாயால் அரைத்து, குறுகலான குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர்ந்து, எச்சத்தைப் பின்னோக்கித் தள்ளி வெளியேற்ற அவ்வளவும் வேண்டியிருக்கிறது. நீங்கள் பிளந்த தண்டில் கிடந்த புழுவின் தலைக்குப் பின்னால் கறுத்த ஒரு தகடு இருக்கும், அதன் பின்விளிம்பில் ரம்பம்போல் நுண்முட்கள். அடுத்த முறை கொல்லும் முன் ஒரு நிமிடம் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்.

நம் சிவப்புத் துளைப்பானை முதலில் அறிவியல் உலகத்துக்குச் சொன்னவர் ஒரு தோட்டக்காரர் என்பதும் எனக்குப் பிடித்த செய்தி. ஜான் நீட்னர் என்ற ஜெர்மானியர் இலங்கையின் மலைநாட்டில் காப்பி பயிரிட்டவர். காப்பிச் செடியின் எதிரிகளை ஒவ்வொன்றாகக் கவனித்து எழுதி 1861இல் வெளியிட்டார். அதில்தான் இந்தப் பூச்சிக்குப் பெயர் கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளோடு கூலிகளாகப் போன நம் ஆட்கள் கவாத்துக் கத்தியோடு அந்தச் செடிகளுக்கிடையே நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒடிந்த கொப்பையும் அடியில் விழுந்த உருண்டையையும் நீட்னருக்கு முன்பே எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ, அவர்கள் வைத்த பெயர் எழுத்தில் வரவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 1869இல், காப்பி இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டு, அந்தக் காப்பித் தோட்டங்களையே அழித்தது. அங்கே தேயிலை வந்தது. சிவப்புத் துளைப்பான் தேயிலையையும் தின்னக் கற்றுக்கொண்டவன். கொக்கோ, கொய்யா, மாதுளை, தேக்கு, சந்தனம் என்று அவனுடைய பட்டியல் நீளம்.

தேக்கு என்றதும் இரண்டு உறவினர்களைச் சொல்லியாக வேண்டும். மியான்மரிலும் தாய்லாந்திலும் தேக்கைத் துளைக்கும் ஒரு பெரிய தச்சு அந்துப்பூச்சி உண்டு. மரத்தைச் சாகடிக்காது. ஆனால் அறுத்த பலகையில் தேனீ புகுந்ததுபோல் வட்ட ஓட்டைகள் விழுந்திருக்கும், விலை போகாது. வியப்பு என்னவென்றால் அந்தப் புழு மரத்தை வீடாக மட்டும் வைத்துக்கொள்கிறது. அதன் சாப்பாடு, துளைவாயைச் சுற்றிக் காயம் ஆற மரம் வளர்க்கும் இளம் திசு. மரம் ஆற்றிக்கொண்டே இருக்கும், அவன் தின்றுகொண்டே இருப்பான். இன்னொருவன் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தேக்கைத் துளைப்பவன். அவனிடம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது: தழைக்காகவும் விறகுக்காகவும் கிளைகளை ஒடித்துக் காயப்படுத்திய மரங்களைத்தான் அவன் அதிகம் பிடிக்கிறான். முழுப் பட்டையோடு நிற்கும் மரத்தில் அவ்வளவாக இறங்குவதில்லை. சந்தனத்தில் நீங்கள் பக்கக்கிளைகளைக் கழித்தபோது வெட்டுக்காயத்தில் எதுவும் பூசினீர்களா என்று எழுதவில்லை. பூசவில்லை என்றால் இனிமேல் பூசுங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை நல்லது.

எல்லா நாட்டிலும் இந்தப் புழுக்கள் எதிரிகள் இல்லை. நடு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பெண்கள் ஒருவகை வேலமரத்தின் வேரைத் தோண்டி, அதற்குள் இருக்கும் வெள்ளைத் தச்சுப்புழுவை எடுத்துச் சாப்பிடுவார்கள். பச்சையாகத் தின்றால் வாதுமைச் சுவை என்பார்கள். வறண்ட நிலத்தில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் கொழுப்பும் புரதமும் அது. இந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரிய பூச்சியும் அந்த நாட்டில்தான் இருக்கிறது. பெண்ணின் சிறகு விரிந்தால் 23, 25 சென்டிமீட்டர் வரை வரும், எடை 30 கிராம் வரை போகும். அவ்வளவு எடையோடு அதனால் சரியாகப் பறக்க முடிவதில்லை, ஊர்ந்து ஏறித்தான் மரத்தில் உட்காரும். 2021இல் குயின்ஸ்லாந்தில் ஒரு பள்ளிக் கட்டடவேலையில் ஆட்கள் அப்படி ஒன்றைக் கண்டெடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. மெக்சிகோவில் கற்றாழை இனத்துக்குள் வாழும் சிவப்புத் தச்சுப்புழுவை வறுத்துத் தின்பார்கள், மெஸ்கால் என்ற சாராயப் புட்டிக்குள்ளும் போடுவார்கள். புட்டிப்புழு எந்த இனம் என்று நெடுநாள் பேச்சு இருந்தது. 2023இல் வெளியான மரபணு ஆய்வில் பார்த்த புட்டிகளில் இருந்தது இந்த இனமே என்று தெரிந்தது.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன்.

ஒடிந்த தண்டையும் வாடிய கொப்பையும் தோட்டத்திலேயே போட்டுவைக்காதீர்கள். புழு ஒடிந்த தண்டுக்குள்ளும் வளர்ந்து பூச்சியாகிவிடும். துளை முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சுத்தமான மரம் தெரியும்வரை வெட்டி, அன்றைக்கே எரியுங்கள். சந்தனம் வெட்டிய இடத்துக்குக் கீழே மறுபடி துளிர்க்கும். நேரான ஒரு துளிரை மட்டும் விட்டு வளர்த்தால் ஓராண்டு இழப்போடு மரம் தப்பிக்கும்.

நிற்கும் மரத்தில் புது உருண்டை விழுந்தால், மேலே பார்த்துத் துளையைக் கண்டுபிடியுங்கள். நுனியைச் சிறு கொக்கியாக வளைத்த சைக்கிள் ஸ்போக் கம்பி போதும். சுரங்கம் பெரும்பாலும் துளையிலிருந்து மேல்நோக்கிப் போகும். கம்பியை மெல்லத் திருகி உள்ளே விட்டு இழுத்தால் புழுவோ அதன் உடல்நீரோ கம்பியில் வரும். பிறகு துளையைக் களிமண்ணால் அடைத்து, மூன்றாம் நாள் வந்து பாருங்கள். களிமண் தள்ளப்பட்டிருந்தால் அவன் சாகவில்லை. சிறு தோட்டத்துக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

பழைய கையேடுகளில் டைகுளோர்வாஸ் நனைத்த பஞ்சைத் துளையில் செருகச் சொல்லியிருக்கும். அந்த மருந்துக்கு 2020 திசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. மிச்சம் யாரிடமாவது இருந்தாலும் தொடாதீர்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றுபவர்களையும் பார்க்கிறேன். ஒரு தோட்டத்தில் அப்படி ஊற்றிய ஏழு மரங்களில் புழு செத்தது, அடுத்த கோடையில் அவற்றில் ஐந்து மரங்கள் பட்டுப்போயின. ஈரமான சுரங்கத்தை விரும்பிப் புகும் நூற்புழுக்கள் என்று ஒரு வகை உண்டு, பூச்சிகளை மட்டும் தாக்குபவை. கலிபோர்னியாவின் அத்தித் தோப்புகளில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு துளைப்பானுக்கு எதிராக அவற்றைத் துளைக்குள் செலுத்திப் பயன் கண்டிருக்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பாருங்கள். வாங்கினால் அந்திநேரத்தில், துளைக்குள்ளேயே விட வேண்டும். வெயில் பட்டால் அவை செத்துவிடும்.

இன்னொன்று, தண்டில் துளையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பழுப்புக் கூடு தெரிந்தால் அது உயிருள்ளது என்று நினைத்துக் குத்த வேண்டாம். கூட்டுப்புழுவின் முதுகில் பின்னோக்கிய முள்வரிசை இருக்கும், பூச்சியாக மாறும் நேரத்தில் அந்த முள்ளை ஊன்றித் தள்ளித் தள்ளி அது துளைவாய்க்கு வரும், பாதி வெளிவந்ததும் தோல் பிளந்து பூச்சி பறந்துவிடும். வெற்றுக் கூடு அங்கேயே நிற்கும். அந்த மரத்தில் இனி வேலை இல்லை. அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் அக்கம்பக்க மரங்களின் இளங்கொப்பில் ஊசித் துளையும் பொடி உருண்டையும் தெரிகிறதா என்று தினம் பார்க்க வேண்டிய காலம். பொடியாக இருக்கும்போதே பிடித்தால் விரல்நீளக் கொப்போடு போகும், நடுமரம் தப்பும். மரங்கொத்தி வந்து தட்டினால் விரட்டாதீர்கள். அது உங்களைவிட நன்றாகத் தேடும்.

அகத்தியை வெட்டலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். சந்தனம் தன் வேரால் பக்கத்து மரத்தின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழும் மரம். மூன்று வயதில் துணையை எடுத்தால் புழு செய்ததைவிட அதிகக் கேடு. அகத்தியில் இருப்பது பெரும்பாலும் வேறொரு தச்சு அந்துப்பூச்சி. அசைகோஃபிலெப்ஸ் என்று பெயர், அகத்தியையும் அதன் இனத்துச் செம்பையையும் விரும்பித் துளைப்பது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு அது பழக்கமான தொல்லை. அகத்தியில் இருப்பதே சந்தனத்துக்கு வருகிறது என்று எண்ண வேண்டியதில்லை. ஆனால் ஒரு அகத்தியைப் பிளந்து உள்ளே இருக்கும் புழுவைப் பாருங்கள். சந்தனத்தில் இருந்த அதே செவ்வூதா நிறமும் கழுத்தில் அதே முள்விளிம்புத் தகடும் இருந்தால் எனக்குப் படம் அனுப்புங்கள். அப்படியானால் முழுக்கத் துளைபட்ட அகத்திகளை மட்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த மழைக்கே துவரை போட்டுக்கொள்ளலாம், சந்தன வேருக்கு அது துணையாக நிற்கும்.